கன்னியம்மாவின் வெள்ளிக்கிழமைகள்

ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் யாரும் ஆவடிக்குப் போவதில்லை. நான் போனேன். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு நர்ஸ் வேலை. கூட வேலை பார்க்கிற பெண்கள் லீவுக்குப் போனால் ஊட்டி, மைசூர் என்று சுற்றிவிட்டு வந்து போட்டோ காட்டுவார்கள். தொண்ணூறுகளின் நடுவில் கிடைத்த ஒரு லீவில் நான் சுற்றியது ஆவடி, அம்பத்தூர், திருவேற்காடு, பூந்தமல்லி. போட்டோ ஒன்றுகூட எடுக்கவில்லை. இருந்தாலும் அவர்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்ததைவிட நான் அதிகம் பார்த்தேன் என்று யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடத் தயார்.

போன காரியம் என் அம்மா கன்னியம்மாவின் முதல் வருஷத் திவசம். எங்கள் ஜனங்களிடம் ஹோமம், மந்திரம் எதுவும் கிடையாது. படத்துக்கு மாலை போட்டு, தலைவாழை இலை விரித்து, இறந்தவருக்கு உயிரோடு இருக்கும்போது எது பிடிக்குமோ அதைப் படைப்போம். தாத்தாவின் இலையில் சுருட்டு உண்டு. பெரியப்பாவின் இலை ஓரமாக ஒரு கண்ணாடி டம்ளரில் பிராந்தி உண்டு. யாரும் சிரிப்பதில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடுதான். முதல் வருஷம் இலையில் என்ன வைக்கிறோமோ அதைத்தான் வருஷா வருஷம் வைக்க வேண்டும். பிறகு நினைப்பு வந்தது, மறந்துவிட்டோம் என்றெல்லாம் மாற்ற முடியாது.

புதன்கிழமை மதியம் அண்ணன் செல்வத்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ராணுவத் தொழிற்சாலைக்காரர்களின் குவார்ட்டர்ஸ் அது. மஸ்கட்டில் ஒரு வாரம் முழுக்கக் கேட்கிற ஹாரன் சத்தத்தை ஆவடி செக்போஸ்ட்டிலேயே கேட்டுவிட்டேன். குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்ததும் சத்தம் அடங்கி, குழம்பு வாசனை ஆரம்பித்தது. ஒரு வீட்டில் சேலத்துக்காரர், அடுத்த வீட்டில் தஞ்சாவூர்க்காரர். வாசனையை வைத்தே யார் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு வாசனை. அண்ணி சரோஜா திருநெல்வேலிக்காரி. அவள் தேங்காய் அரைத்த குழம்பும் எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பும் ஒரே அடுப்பில் பக்கத்துப் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்தன.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் முனுசாமி மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி. அயனம்பாக்கத்தில் வீடு, அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். தாய் இல்லாமல் வளர்ந்த அவரை இடுப்பில் வைத்துக்கொண்டு நாற்று நட்டவள் என் அம்மா. அதனால் அம்மா விஷயத்தில் கடைசி வார்த்தை தன்னுடையது என்பது அவர் எண்ணம்.

"ஞாயித்துக்கெயம படையலு. அக்காவுக்கு இன்னா இன்னா புடிக்கும், சொல்லுங்க" என்றார்.

"கருவாட்டுக் குழம்பு" என்றான் அண்ணன். "சேமியா பாயசம்" என்றாள் காலேஜில் படிக்கும் அண்ணன் மகள் ரேவதி. "கார வடை" என்றேன் நான். மிளகாய்ப் பொடியைச் சலித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"இதெல்லாம் ஒங்களுக்குப் பிடிச்சதுல்லா? அத்தை ஒங்களுக்குச் செஞ்சு போட்டாவ. அத்தைக்கு என்ன பிடிக்கும்னுதான் மாமா கேக்காவ."

அம்மா சாப்பிட்டதை நினைத்துப் பார்த்தேன். சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன மிஞ்சியதோ அதைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள். நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பெற்ற மகளுக்குத் தெரியாதது வேறு யாருக்குத் தெரியும் என்று எனக்கே எரிச்சல் வந்தது.

எங்களுக்குத் தெரியாதது மாமாவுக்கு வசதியாகப் போயிற்று. "அதுக்கு இன்னா புடிக்கும்? ஒண்ணும் புடிக்காது. ஆசைய உட்ட பொம்பள அது. எத்தினி வருசமா வெள்ளிக்கெயம வெரதம் இருந்துச்சு! திருவேற்காட்டுக்குப் போயி அம்மன பாத்துட்டு வந்து, பச்சத் தண்ணி கூட கேக்காம படுத்துக்கும். எலைல உப்பில்லாத பொங்கலு, சுண்டலு, அவ்ளோதான். கவிச்சி கூடாது."

மார்க்கெட்டில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, கடைக்காரனின் வம்சத்தையே விசாரிக்கிற என் அம்மாவுக்கு இனி எல்லா வருஷமும் உப்பில்லாத பொங்கலா? சனிக்கிழமைக்குள் கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று மாமாவிடம் சவால் விட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

வியாழக்கிழமை நானும் அண்ணியும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கிளம்பினோம். அப்பா இறந்தபோது அண்ணன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். நாற்று நட்ட வயல்களின் பக்கமெல்லாம் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம். அம்மா ஒரு ஸ்குரூ பட்டறையில் போய் நின்று வேலை கேட்டாள். குவியலாகக் கொட்டிய ஸ்குரூவில் நல்லது, கெட்டது பிரிக்கிற வேலை. அந்த வேலையில் அண்ணனை ஐ.டி.ஐ. படிக்கவைத்தாள், என்னை நர்ஸ் ஆக்கினாள், தன் தம்பி முனுசாமிக்குக் கல்யாணம் பண்ணினாள். ரேவதி பிறந்ததும், "போதும், இனிமே எம் பேத்திய பாத்துக்கறேன்" என்று ஒரே நாளில் நின்றுவிட்டாள். அந்தப் பட்டறையில் அவளோடு வேலை செய்தவர்களைத்தான் நான் தேடிப் போனேன்.

பஸ்ஸில் ஏறியது நாங்கள். இறங்கியது கூட்டம் தள்ளிய இடத்தில். எஸ்டேட்டைத் தாண்டி இரண்டு ஸ்டாப்பிங் போய்விட்டோம். மஸ்கட்டில் டாக்சிக்காரர் கதவைத் திறந்துவிடுவார் என்று அண்ணியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். "ஒங்க ஊர்ல கதவு தொறந்துவிடுதான். இங்க நம்மளையே வெளிய எடுத்து வைக்கான். எது வசதி?" என்றாள் அவள். திரும்பி நடக்கும் வழியில் ஒரு தள்ளுவண்டியில் இட்லி வடகறி சாப்பிட்டோம். மஸ்கட்டில் இட்லி கிடைக்கும். வடகறி கிடைக்காது. இரண்டாவது தடவை வாங்கியபோது அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

பட்டறை வாசலில் மதியச் சாப்பாட்டு நேரம். பவுனு அக்கா தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைவிட வயதில் சின்னவள். பக்கத்தில் அவள் தோழி கஸ்தூரி. என்னைப் பார்த்ததும் பவுனு எழுந்து வந்து கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

"இன்னாடி வசந்தா கண்ணு, துபாய்காரி, எப்ப வந்த?"

மஸ்கட் என்று திருத்தவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அம்மாவுக்கு எது பிடிக்கும் அக்கா, கூடவே இருந்தீர்களே என்று கேட்டேன். பவுனு கஸ்தூரியைப் பார்த்தாள். கஸ்தூரி தூக்குச் சட்டிக்குள் பார்த்தாள்.

"உங்கம்மா வெரதக்காரியாச்சேமே. வெள்ளிக்கெயம ஆச்சுன்னா பல்லுல தண்ணி படாது" என்றாள் பவுனு.

சர்க்கரை வியாதிக்காரர் ஸ்வீட்டையே தொடவில்லை என்று சொல்லும்போது முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தினம் பார்க்கிறேன். நான் பவுனுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கஸ்தூரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லிடுக்கா. அது போயி ஒரு வருசம் ஆச்சு. இனிமே யாரு இன்னா பண்ணப் போறாங்க?"

பவுனு யோசித்தாள். "சொன்னா நம்ப மாட்ட. நாளைக்கி வெள்ளிக்கெயம, எங்க பட்டறைக்கு வார லீவு. காலைல திருவேற்காட்டுக்கு வந்துடு. காமிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை நானும் அண்ணியும் போனபோது கோவிலில் நல்ல கூட்டம். வேப்பிலை, மஞ்சள், எலுமிச்சம்பழம், செருப்பைத் தொலைத்தவர்களின் புலம்பல். மஸ்கட்டிலும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அங்கே அன்று தெருவே தூங்கும். இங்கே தெருவே கோவிலுக்கு வந்திருந்தது. பவுனுவும் கஸ்தூரியும் பக்தியாகத்தான் கும்பிட்டார்கள். எனக்கு என்ன கண்டுபிடிக்கப் போகிறேன் என்று ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள்.

பூந்தமல்லியில் இறங்கினோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஜூஸ் கடை. சுவரெல்லாம் கண்ணாடி. கடைக்காரர் வயதான பாய், தலையில் வலைத் தொப்பி. பவுனு மூலை மேஜையில் போய் உட்கார்ந்தாள். சொந்த வீட்டில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள்.

பாய் என்னைப் பார்த்துவிட்டு, "கன்னியம்மா பொண்ணா? மூக்கே சொல்லுதே" என்றார்.

"பாய், அவளுக்கு அவங்கம்மாவுது குடு" என்றாள் பவுனு.

நீளமான கண்ணாடிக் கிண்ணத்தில் வந்தது. கீழே ஆப்பிள், திராட்சை, மாதுளை. மேலே பச்சைப் பசேல் என்று இரண்டு உருண்டை பிஸ்தா ஐஸ்கிரீம். உச்சியில் ஒரு செர்ரி.

"வாழப்பழம் போட மாட்டேன்" என்றார் பாய். "போட்டா சண்டைக்கு வரும். வாழப்பழம் துன்றதுக்கா இவ்ளோ தூரம் பஸ் ஏறி வரேன்னு கேக்கும்."

நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெற்றிலைக் கறை படிந்த வாயோடு, நூல் புடவையில், இந்த மேஜையில், இந்தக் கிண்ணத்தோடு என் அம்மா. நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. விரதம் என்னவாயிற்று என்று கேட்டேன்.

"வெரதம் வெரதந்தான்!" பவுனுவுக்குக் கோபமே வந்துவிட்டது. "சோறு துன்னக் கூடாது, அவ்ளோதான. இதுல சோறு எங்க கீது? பாலு கீது, பழம் கீது. அம்மனே ஒத்துக்கும்."

நான் லீவுக்கு வந்திருக்கும் வெள்ளிக்கிழமைகளில், அம்மா சாயங்காலம் வீடு திரும்பிக் கால் கழுவும்போது, சாப்பிடக் கூப்பிட்டால், "பால், பழம் சாப்ட்டேன், போதும்" என்பாள். நாங்கள் ஒரு டம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் என்று நினைத்து உருகிப்போவோம். இவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

எப்போது ஆரம்பித்தது இது என்று கேட்டேன். கஸ்தூரி சொன்னாள். எண்பதுகளில் நான் முதல் தடவை மஸ்கட்டுக்குக் கிளம்பிய அன்று பட்டறைப் பெண்கள் எல்லோரும் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு வந்து என்னை வழியனுப்பினார்கள். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வழி முழுக்க அழுதிருப்பாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அய்வுறதா? யாரு, உங்கம்மாவா?" என்றாள் கஸ்தூரி. "வேர்வ தொடச்சிகினு இருந்துச்சு. திரும்பி வர்றப்ப பூந்தமல்லில எறங்கி, எம் பொண்ணு ப்ளேன் ஏறிட்டா, கன்னியம்மா பொண்ணு ப்ளேன் ஏறிட்டான்னு பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு கத்துச்சு. எனக்கு எதனா ஜில்லுனு பெருசா வோணும்னு சொல்லிச்சு. அப்ப நுழைஞ்ச கட இது. அதுக்கப்பறம் ஒரு வாரம் கூட உட்டதில்ல."

"ஒரு வாட்டி நான் அதும் கப்புல கரண்டிய உட்டேன்" என்றாள் பவுனு. "கைல பட்டுனு ஒண்ணு வெச்சுது. ஊட்டுல எல்லாத்துக்கும் பங்கு குடுக்கறேன், இங்க ஒருத்திக்கும் கெடையாது, வோணும்னா இன்னொண்ணு சொல்லுன்னுது."

அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, பாய் பயந்துபோய்ப் பக்கத்தில் வந்து நின்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். தன் கிண்ணத்தில் கை வைத்தவளை அடித்த என் அம்மாவை அந்த நிமிஷம் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஆடவேண்டும் போலிருந்தது. கிண்ணத்தை நான் ஒருத்தியே காலி செய்தேன். அண்ணிக்குக்கூடக் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை மாமாவிடம் சொன்னோம். கேட்டுக்கொண்டே வந்தவர் ஐஸ்கிரீம் என்ற வார்த்தையில் எழுந்துவிட்டார்.

"தெவசத்துக்கு ஐஸ்கிரீமா? இது இன்னா கொயந்தைக்குப் பொறந்தநாளா? ஊரே சிரிக்கும். எவளோ பட்டறைல துண்ணதுக்கு எங்கக்கா பேர சொல்றாளுங்க!"

"மாமா, நாங்க கண்ணால பாத்துட்டு வாரோம்" என்றாள் அண்ணி.

"நீ இன்னாத்த பாத்த? அக்கா துண்ணத பாத்தியா?"

அப்போது உள்ளே இருந்து ரேவதி வந்தாள். என் அம்மாவை ஆயா என்று கூப்பிட்டு, அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள். சேக்காட்டிலிருந்து கோவில்பதாகை வரைக்கும் ஆயா கையைப் பிடித்துக்கொண்டு சுற்றாத தெரு இல்லை. இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிக்கக் கற்றுக்கொடுத்ததும் ஆயாதான்.

"சின்னத் தாத்தா, ஒரு நிமிஷம். வெள்ளிக்கிழமை வந்தா ஆயா நாக்கு பச்சையா இருக்கும். நான் சின்னதா இருக்கச்சே பாத்துட்டுக் கேட்டேன். வேப்பிலை தின்னேன்டி, அம்மன் பிரசாதம்னு சொல்லிச்சு. நானும் வேப்பிலையைத் தின்னுட்டுக் கண்ணாடில பாத்தேன். பச்சையே ஆகல. ஆயாவுக்கு மட்டும் சாமி சக்தி இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்."

அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். மாமா மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அக்காவப் பாத்துதான் நானும் வெள்ளிக்கெயம வெரதம் ஆரமிச்சேன். இத்தினி வருசமா பட்னி கெடக்கறேன். காந்தல் எடுத்து வவுத்தப் புடிச்சிகினு கெடந்தப்பக்கூட, அக்கா இருக்கறப்ப நமக்கு இன்னான்னு இருந்துட்டேன்" என்றார். "ஒரு வார்த்த சொல்லிருந்தா நானும் கூடப் போயிருப்பேனே."

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னாவோ பண்ணுங்க. கொயம்பு, வடைன்னு உங்களுக்குப் புடிச்சதயும் வெச்சிக்கோங்க. நான் அந்த ஐஸ்கிரீமத் தொட மாட்டேன், எலைல வெக்கவும் மாட்டேன். உச்சி வேளைக்குள்ள வந்துச்சுன்னா வெச்சிக்கோங்க. வரலன்னா பொங்கலுதான், வருசா வருசம் பொங்கலுதான். ஐஸ்கிரீமுக்காகப் படையலு நிக்காது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் அடுப்பைப் பார்த்துக்கொண்டான். நானும் அண்ணியும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, நான் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த அகலவாய் ஃப்ளாஸ்கைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனோம். அந்த நாட்டிலிருந்து வருகிற எல்லோரும் ஒரு ஃப்ளாஸ்க் கொண்டுவருவோம். அதில் உருப்படியாக ஒரு வேலை நடந்தது அன்றைக்குத்தான்.

பாய் கடை பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தாமதமாகத்தான் திறப்பார் என்று பக்கத்துப் பூக்கடையில் சொன்னார்கள். அண்ணி விசாரித்து அவர் வீட்டுக்கே போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். விஷயம் கேட்டதும் பாய் உடனே கடையைத் திறந்தார். டப்பாவில் ஐஸ்கிரீமை அழுத்தி வைத்து, ஃப்ளாஸ்கில் அதைச் சுற்றி ஐஸும் உப்பும் போட்டு இறுக்கி மூடினார். பழத்தைத் தனியாகக் கட்டினார். காசு கொடுத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் பஸ் நின்றுவிட்டது. டயர் பஞ்சர். கண்டக்டர் இறங்கி ஒரு பீடியைப் பற்றவைத்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. அடுத்த பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் ஃப்ளாஸ்கைப் புடவைத் தலைப்பால் மூடி, குழந்தையை அணைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டு நின்றேன். மாமாவின் உப்பில்லாத பொங்கல் என் கண் முன்னால் வந்து வந்து போயிற்று.

தூரத்தில் படபடவென்று ஒரு மீன்பாடி வண்டி வந்தது. மூன்று சக்கரம், முன்னால் பலகை, பலகையில் கோணி போர்த்திய மீன் கூடைகள், ஐஸ் பாறை. அண்ணி நடு ரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாமா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று பிரேக் போட்டார் வண்டிக்காரர். அப்புறம் என் கையிலிருந்த ஃப்ளாஸ்கைப் பார்த்தார். "இன்னா, ஆஸ்பத்திரி கேஸா?"

"இல்லண்ணா. எங்கம்மாவுக்கு ஐஸ்கிரீம். உச்சிக்குள்ள ஆவடி போவணும்" என்றேன். எத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்தாலும் அவசரத்துக்கு வருவது இந்தப் பேச்சுதான்.

"அம்மா எங்க கீது?"

"செத்து ஒரு வருசம் ஆச்சு. இன்னிக்கி படையலு."

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், எங்கள் பட்டுப்புடவையைப் பார்த்தார். "அந்த ஐஸு மேலயே வெச்சிக்கமா, கரையாது. கெட்டியா புடிச்சிகினு குந்து" என்றார்.

அப்படி ஒரு பயணம் நான் போனதில்லை. விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள்தான். அன்றைக்கு வஞ்சிர மீனுக்கும் ஐஸ் பாறைக்கும் நடுவில் உட்கார்ந்து, கோணிக்குள் ஃப்ளாஸ்கைப் புதைத்து, அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு போனபோது எனக்கு விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. அண்ணி மட்டும், "மெதுவாப் போங்க அண்ணே, மெதுவா" என்று ஒரு பக்கமும், "வெரசாப் போங்க" என்று இன்னொரு பக்கமும் கத்திக்கொண்டு வந்தாள். குவார்ட்டர்ஸ் கேட்டில் காவலாளி தடுத்தார். வண்டிக்காரர், "தெவசத்துக்கு ஐஸ்கிரீம் போவுதுபா, ஒத்து!" என்று ஒரு சத்தம் போட்டார். காவலாளி குழம்பிப்போய் ஒதுங்கிவிட்டார்.

உள்ளே இலை போட்டு எல்லாம் பரிமாறியாகிவிட்டது. சோறு, கருவாட்டுக் குழம்பு, வடை, பாயசம். எங்களுக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது. நடுவில் மாமாவின் பொங்கல் கிண்ணமும் தயாராக இருந்தது. பவுனுவும் கஸ்தூரியும் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். மாமா மேலே போகிற சூரியனை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் வாசனையோடு நாங்கள் உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்தார். ஆனால் பொங்கல் கிண்ணத்தைத் தானே எடுத்து ஓரமாக வைத்தார்.

ஃப்ளாஸ்கைத் திறந்தேன். பிஸ்தா ஐஸ்கிரீம் கல்லாக இருந்தது. பழத்தைப் பரப்பி, மேலே பெரிய கரண்டியால் குவித்து, செர்ரியை வைத்தேன். படத்தில் அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். போட்டோ எடுக்கும்போதுகூட நாக்கைக் காட்டாமல் எச்சரிக்கையாக இருந்திருக்கிறாள்.

"சீக்கிரம் கற்பூரம் காட்டுடா, கரையுது" என்று அண்ணனை அதட்டியது மாமாதான்.

கற்பூரம் காட்டியதும் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நிற்பது எங்கள் வழக்கம். ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றால், இறந்தவர் கூச்சப்பட்டுச் சாப்பிடாமல் போய்விடுவாராம். வராந்தாவில் அரை மணி நேரம் நின்றோம். குவார்ட்டர்ஸ் ஜனங்களும் நின்றார்கள். பிறகு மாமா முன்னால் போய் மூன்று தடவை கை தட்டி, கதவைத் திறந்தார்.

சோறு குவித்தபடியே இருந்தது. வடை அடுக்கியபடியே இருந்தது. குழம்பில் ஆடை கட்டியிருந்தது. ஐஸ்கிரீம் மட்டும் இல்லை. குவியல் இருந்த இடத்தில் பழம் மட்டும் கிடந்தது. இலையின் நடு நரம்பு வழியாகப் பச்சையாக ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது.

மூடிய அறை, எரிகிற விளக்கு, மத்தியான வெயில். என்ன நடந்தது என்று ஒரு நர்ஸுக்குத் தெரியாதா? தெரியும். வாயைத் திறக்கவில்லை. பவுனு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. என் அம்மா ஜெயித்துவிட்டாள் என்றுதான் தோன்றியது. வாழ்நாள் முழுக்க மிஞ்சியதைச் சாப்பிட்டவளுக்கு முன்னால் இன்றைக்கு எல்லாம் மிஞ்சிக் கிடந்தது.

மாமா இலைக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். இலை ஓரம் வழியப் போன பச்சையைத் தடுக்க, தொட மாட்டேன் என்று சொன்ன கையால் இலையின் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பாரு செல்வம். சோத்துல கை வெக்கல. வடைல கை வெக்கல. நேரா வந்து இதத்தான் துண்ணுட்டுப் போயிருக்கு" என்றார். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "வசந்தா, அதுக்கு ஒரு கப்பு பத்தல. அடுத்த வருசம் ரெண்டா வாங்கினு வா."